ஹார்டாங்கர்: பூவுக்குப் போவதா, பழத்துக்குப் போவதா?

நார்வேயின் ஹார்டாங்கர் ஃபியோர்டுக்குப் போகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது மாதத்தை. லோஃப்ட்ஹுஸ், உல்லென்ஸ்வாங் பக்கம் ஆப்பிள் மரங்கள் பூப்பது மே மாதத்தில். செர்ரி ஜூலையில் பழுக்கும், ஆப்பிள் அறுவடை செப்டம்பரில். பூ பார்க்க ஆசைப்பட்டு ஆகஸ்டில் போய் நின்றால் பச்சை இலைதான் மிஞ்சும்!

அருவிகளுக்கு மே, ஜூன் மாதங்களே சிறந்தவை. மலைப்பனி உருகி, தண்ணீர் பொங்கி வரும் நேரம் அது. வோரிங்ஸ்ஃபாஸ் அருவி மொத்தம் 182 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. நீரின் ஒரு பகுதி மின் உற்பத்திக்குத் திருப்பப்படுவதால் குளிர்காலத்தில் அந்த வேகம் இருக்காது. அருவியின் தலைக்கு மேலே பள்ளத்தாக்கைக் கடக்கும் படிக்கட்டுப் பாலம் 2020-இல் திறக்கப்பட்டது. உயரம் கண்டால் தலைசுற்றுகிறவர்கள் கரையில் உள்ள பார்வை மேடையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பெர்கன் நகரிலிருந்து ஒரே நாளில் திரும்ப நினைப்பவர்களுக்கு நூர்ஹெய்ம்சுண்ட் அருகேயுள்ள ஸ்டெய்ன்ஸ்டால்ஸ்ஃபாஸ் போதும். அருவிக்குப் பின்னால் நடந்து போகப் பாதை உண்டு. ஓடா நகருக்கு அருகே லோட்டஃபாஸ் இரட்டை அருவியின் சாரல் சாலை வரை தெறிக்கும். காரை விட்டு இறங்குமுன் கேமராவை மூடிவிட வேண்டும்.

பழக்காலத்தில் சாலையோரம் ஆளில்லாக் கடைகள் இருக்கும். பழத்தை எடுத்துக்கொண்டு பெட்டியில் காசைப் போட வேண்டியதுதான். உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் கைப்பேசியிலேயே கட்டிவிடுகிறார்கள். வெளிநாட்டுப் பயணிகள் கொஞ்சம் குரோனர் சில்லறை வைத்திருப்பது நல்லது.