அமெரிக்கக் கல்லூரியில் பிளேஸ்மென்ட் தேர்வு: எழுதும் முன்னும் பின்னும்

நம் ஊரில் பிளேஸ்மென்ட் என்றால் கடைசி வருடத்தில் கம்பெனிக்காரர்கள் கல்லூரிக்கே வந்து வேலைக்கு ஆள் எடுப்பது. அமெரிக்காவில் குடியேறிய வீட்டுக்கு ஒரு கம்யூனிட்டி காலேஜிலிருந்து ‘பிளேஸ்மென்ட் டெஸ்ட் எழுத வாருங்கள்’ என்று மின்னஞ்சல் வந்தால் அது வேறு சங்கதி. சேரும் மாணவரைக் கணக்கிலும் ஆங்கிலத்திலும் எந்த வகுப்பில் உட்காரவைப்பது என்று பார்க்கும் தேர்வு அது. பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்கள் பள்ளிப் படிப்பை முடித்த எவரையும் சேர்த்துக்கொள்கின்றன. இதில் மதிப்பெண் குறைந்தாலும் இடம் பறிபோகாது. நீட், ஜேஇஇ என்று பயந்து பழகிய வீடுகளில் இதைக் கேட்டதும் பெரிய நிம்மதி. அந்த நிம்மதியிலேயே ஒன்றும் படிக்காமல் போய் எழுதிவிடுகிறார்கள். எனக்கு வருத்தம் அங்கேதான்.

மதிப்பெண் குறைந்தால் அடிப்படை வகுப்பில் போடுவார்கள். டெவலப்மென்டல், ரெமீடியல் என்று அதற்குப் பெயர். அதற்கும் கட்டணம் உண்டு, ஆனால் அந்த கிரெடிட் பட்டத்தில் சேராது. இன்ஜினியரிங் கனவோடு வந்த பிள்ளை கால்குலஸ் தொடங்க வேண்டிய செமஸ்டரில் அல்ஜீப்ராவைத் திரும்பப் படிக்கும். கால்குலஸ் முடித்தால்தான் எடுக்க முடிகிற இயற்பியலும் தள்ளிப்போகும். இரண்டு வருடத்தில் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்ற கணக்கு மூன்றாகிவிடும்.

ஆகவே முதல் வேலை, இந்தத் தேர்வை எழுதித்தான் ஆகவேண்டுமா என்று கவுன்சலரிடம் கேட்பது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜூடித் ஸ்காட்-கிளேட்டன் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் தேர்வுகள் ஏராளமானவர்களைத் தவறான வகுப்பில் போடுவதையும், பள்ளி மதிப்பெண் அவற்றைவிட நன்றாக வழிகாட்டுவதையும் காட்டியது. 2013-இல் ஃபுளோரிடா தன் அரசுப் பள்ளிகளில் படித்து முடித்த பெரும்பாலோருக்கு இந்தத் தேர்விலிருந்து விலக்கு அளித்தது. கலிஃபோர்னியா 2017-இல் ஏபி 705 என்ற சட்டம் போட்டு, பள்ளி மதிப்பெண்ணை வைத்தே வகுப்பு தரச் சொன்னது. டெக்சாஸில் டிஎஸ்ஐஏ2 என்ற தேர்வு இருக்கிறது. எஸ்ஏடியில் போதிய மதிப்பெண் இருந்தால் அதற்கும் விலக்கு உண்டு. எனவே எஸ்ஏடி, ஏசிடி, அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் (ஏபி) தேர்வு என்று எந்த மதிப்பெண் கையில் இருந்தாலும் காட்டுங்கள். இந்தியாவில் படித்து வந்தவர் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மூலம் அமெரிக்க முறைக்கு மாற்றி வாங்கி, ‘இதை ஏற்பீர்களா’ என்று கேட்க வேண்டும். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

ஆங்கிலத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வீட்டு மொழி தமிழ் என்று படிவத்தில் எழுதியதால் இஎஸ்எல், அதாவது ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கான தேர்வுக்கு அனுப்பக்கூடும். ஆங்கில வழியில் படித்தவர் என்றால் வழக்கமான தேர்வையே எழுதுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பேச்சும் எழுத்தும் உண்மையிலேயே தடுமாறினால் இஎஸ்எல் வகுப்பு பெரிய உதவி; அதைத் தவிர்க்க வேண்டாம்.

எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் எந்தத் தேர்வு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல கல்லூரிகளில் அது காலேஜ் போர்டு நடத்தும் அக்யூபிளேசர். ஒவ்வொரு பகுதியிலும் 20 அல்லது 25 கேள்விகள். மதிப்பெண் 200 முதல் 300 வரை. நேரக் கட்டுப்பாடு கிடையாது. நீங்கள் சரியாகச் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி கடினமாகும். ஒரு கேள்வியை விட்டுவிட்டு மேலே போக முடியாது, பின்னால் திரும்பி வந்து திருத்தவும் முடியாது. ‘தெரிந்ததை முதலில் எழுது’ என்று நாம் படித்த பாடம் இங்கே உதவாது. கால்குலேட்டர் கொண்டுபோகக் கூடாது. தேவையான சில கேள்விகளில் அது திரையிலேயே வரும். கணக்குக்கு மட்டும் அலெக்ஸ் என்ற தேர்வை வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு. அதில் அதிகபட்சம் 30 கேள்விகள், பெரும்பாலும் விடையை நாமே தட்டச்சு செய்ய வேண்டும்.

தயாரிப்புக்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். காலேஜ் போர்டு தளத்தில் இலவசப் பயிற்சித் தேர்வுகள் இருக்கின்றன. ஒன்றை எழுதிப் பார்த்தால் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். பின்னம், விழுக்காடு, இருபடிச் சமன்பாடு எல்லாம் நம் பிள்ளைகளுக்குப் பழக்கம்தான், ஆனால் சில மாதம் தொடாமல் விட்டால் மறக்கும். அடி, அங்குலம், காலன் என்று அமெரிக்க அளவுகளில் வரும் கணக்குகளையும் பார்த்துவையுங்கள். கட்டுரைப் பகுதி இருந்தால் அதற்குக் கூடுதல் நாள் கொடுங்கள். 300 முதல் 600 சொற்களில் கேட்பார்கள். நம் பள்ளிகளில் மனப்பாடக் கட்டுரை எழுதியவர்களுக்கு இதுதான் சிரமம்: ஒரு கருத்தை எடுத்து, ஏன் அப்படி நினைக்கிறோம் என்று காரணமும் உதாரணமும் சொல்ல வேண்டும். தினம் ஒன்று எழுதி யாரிடமாவது காட்டுங்கள்.

தேர்வன்று புகைப்பட அடையாள அட்டை, நல்ல தூக்கம், அவ்வளவு போதும்.

முடிவு நினைத்ததைவிடக் கீழே வந்தால் மறுதேர்வு விதியைக் கேளுங்கள்; எத்தனை முறை, எத்தனை நாள் கழித்து என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். மறுதேர்வு இல்லையென்றால் ‘கோரெக்விசிட்’ இருக்கிறதா என்று பாருங்கள்: கல்லூரி நிலைப் பாடத்தையும் அதற்கான துணை வகுப்பையும் ஒரே செமஸ்டரில் எடுக்கும் ஏற்பாடு அது. ஒரு செமஸ்டர் மிச்சம். அதுவும் இல்லாமல் அடிப்படை வகுப்பில் உட்கார்ந்து, முதல் நாளே எல்லாம் தெரிந்த பாடமாக இருந்தால், அந்த வாரத்திலேயே ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள். வகுப்பு மாற்றும் கெடு செமஸ்டர் தொடங்கிய சில நாட்களிலேயே முடிந்துவிடும்.