போன் தொலைவதற்கு முன் ஒரு அரை மணி நேரம்

சென்ற ஆண்டு தீபாவளி முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போது, கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் இறங்கிய கூட்டத்தில் அப்பாவின் போன் போய்விட்டது. சட்டைப் பையில் இருந்தது, இறங்கித் தொட்டுப் பார்த்தால் இல்லை. ஒன்பதாயிரம் ரூபாய் போன்தான். பக்கத்தில் நின்றவரிடம் போன் வாங்கி வீட்டுக்குச் சொல்லலாம் என்று பார்த்தால், அப்பாவுக்கு அம்மாவின் நம்பர் தெரியவில்லை. என் நம்பரும் தெரியவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் மாமாவுடையது. அது மாமாவின் மளிகைக்கடை போர்டில் பல வருஷமாக எழுதியிருக்கிறது, அதனால்.

மாமா அம்மாவிடம் சொல்லி, அம்மா என்னிடம் சொல்லி, நாங்கள் சிம்மை முடக்குவதற்குள் நாலு மணி நேரம் ஓடிவிட்டது. அதற்குள் வங்கிக் கணக்கிலிருந்து இரண்டு தடவையாக 4,800 ரூபாய் எடுத்திருந்தார்கள். போனுக்கு லாக் கிடையாது. ஏ.டி.எம். கார்டின் நான்கு இலக்க எண்ணையே யு.பி.ஐ.க்கும் வைத்திருந்தார். அதுவும் மறந்துவிடக் கூடாதே என்று, ‘ஏடிஎம்’ என்ற பெயரிலேயே கான்டாக்டில் சேமித்து வைத்திருந்தார். “அதையெல்லாம் யாருப்பா தேடப் போறாங்க?” என்பது அவர் வாதம். பணம் போனதும் 1930-ஐ அழைக்க வேண்டும் என்பது எங்களுக்கு மறுநாள்தான் உறைத்தது. அரசு சேவைகளைப் பற்றி எழுதுவதையே வேலையாக வைத்திருக்கும் எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தப் பணம் இன்னும் வரவில்லை.

அதன்பிறகு உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தொலைந்த போனை விட, அதற்குள் இருந்த நம்பர்தான் பெரிய விஷயம். ரேஷன் அட்டையில் உறுப்பினர் பெயர் சேர்க்க, ஆதாரைப் பயன்படுத்த, வங்கிக் கணக்கில் நுழைய, எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வருகிறது. ஆகவே போன் கையில் இருக்கும்போதே செய்துவைக்க வேண்டிய சில வேலைகளை இங்கே சொல்கிறேன். அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஒரு பேனாவும் தாளும் எடுத்துக்கோங்க.

முதலில் தாள்

டயல் செய்யும் இடத்தில் *#06# என்று அழுத்துங்க. அழைப்பு பட்டனைத் தொட வேண்டியதில்லை. திரையில் 15 இலக்க எண் வரும். இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டு எண்கள் வரும். இதுதான் ஐ.எம்.இ.ஐ. எண், வண்டிக்கு சேசிஸ் நம்பர் மாதிரி, போனுக்கு இது. இரண்டையும் தாளில் எழுதுங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். போன் தொலைந்தால் ஸ்கிரீன்ஷாட்டும் அதோடு போய்விடும்.

அதற்குக் கீழே, வீட்டில் இரண்டு பேருடைய நம்பர், உங்கள் சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண் (வேறு நிறுவன நம்பரிலிருந்தும் அழைக்கக்கூடிய முழு எண்), வங்கியின் உதவி எண், உங்கள் ஜிமெயில் முகவரி ஆகியவற்றை எழுதுங்க. பாஸ்வேர்டு, பின் நம்பர் எதையும் இதில் எழுதக் கூடாது. தாளை ரேஷன் அட்டை இருக்கும் இடத்தில் வையுங்க, பர்ஸில் வேண்டாம். வீட்டு நம்பர் ஒன்றையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்க. சின்ன வயதில் பத்து நம்பரை மனதில் வைத்திருந்தவர்கள்தானே நாம்.

சிம்முக்கு ஒரு பூட்டு

போனுக்கு விரல்ரேகை லாக் போட்டிருக்கிறோம், அது போதும் என்று நினைப்போம். ஆனால் போனை எடுத்தவர் லாக்கை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஓரத்தில் இருக்கும் சிறு துளையில் ஊசியைக் குத்தி சிம்மை வெளியே எடுத்து, தன்னுடைய போனில் போட்டுக்கொண்டால் போதும். அந்த நிமிஷத்திலிருந்து உங்களுக்கு வர வேண்டிய ஓ.டி.பி. எல்லாம் அவருக்குப் போகும். உங்கள் மெயிலின் பாஸ்வேர்டை மாற்ற முயலலாம், உங்கள் பெயரில் வாட்ஸ்அப் திறந்து உறவினர்களிடம் “அவசரமா பணம் வேணும்” என்று கேட்கலாம்.

இதைத் தடுப்பதுதான் சிம் பின். இந்த வசதி பழைய பட்டன் போன் காலத்திலிருந்தே இருக்கிறது, நாம்தான் கண்டுகொள்ளவில்லை. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸைத் திறந்து, மேலே இருக்கும் தேடல் பெட்டியில் ‘சிம் லாக்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் பெரும்பாலும் அந்த இடம் வந்துவிடும். ஐபோனில் மொபைல் டேட்டா பகுதிக்குள் ‘சிம் பின்’ என்று இருக்கும். இதைப் போட்டுவிட்டால், சிம்மை வேறு போனில் மாட்டினாலும், போனை அணைத்து ஆன் செய்தாலும் அந்த எண்ணைக் கேட்கும். தெரியாதவருக்கு அது வெறும் பிளாஸ்டிக் துண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை, கவனமா படிங்க. முதல் தடவை இந்தப் பூட்டைப் போடும்போது, நிறுவனம் ஏற்கெனவே வைத்திருக்கும் பின் எண்ணைக் கேட்கும். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஊகித்துத் தட்டிப் பார்க்காதீங்க. மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும். பிறகு ‘பி.யூ.கே.’ என்ற 8 இலக்க எண் வேண்டும். அதையும் பத்து முறை தவறாகப் போட்டால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும், புது சிம்தான் வாங்க வேண்டும். எனவே வாடிக்கையாளர் சேவையை அழைத்து, பின் எண்ணைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்க. பிறகு உங்களுக்குப் பிடித்த எண்ணாக மாற்றுங்க. அது ஏ.டி.எம். எண்ணாக இருக்க வேண்டாம்!

அப்பா, அம்மா போனில் இதைப் போட்டுக் கொடுத்தால் அவர்களிடம் சொல்லிவிடுங்க. எங்கள் வீட்டில் சொல்லாமல் விட்டேன். ஒருநாள் போன் சார்ஜ் இறங்கி அணைந்து, திரும்ப ஆன் ஆனபோது ஏதோ நம்பர் கேட்டதும் “போன் கெட்டுப்போச்சு” என்று அம்மா அதை ரிப்பேர் கடைக்கே கொண்டு போய்விட்டார்.

இன்னொரு சின்ன வேலை. பூட்டிய திரையிலேயே குறுஞ்செய்தியின் முழு வாசகமும் தெரிகிறதா என்று பாருங்க. தெரிந்தால், லாக்கைத் திறக்காமலே ஓ.டி.பி.யைப் படித்துவிடலாம். செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன் பகுதிக்குப் போய், பூட்டிய திரையில் உள்ளடக்கத்தை மறைக்கும்படி மாற்றுங்க. வாட்ஸ்அப்பில் அக்கவுன்ட் பகுதியில் ‘டூ ஸ்டெப் வெரிபிகேஷன்’ போட்டு ஆறு இலக்க எண் வையுங்க. சிம் பறிபோனாலும் உங்கள் பெயரில் வேறொருவர் எளிதில் வாட்ஸ்அப் திறக்க முடியாது.

கண்டுபிடிக்கும் வசதியில் ஒரு சிக்கல்

ஆண்ட்ராய்டில் இருக்கும் ‘ஃபைண்ட் ஹப்’ வசதியைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீங்க. முன்பு ‘ஃபைண்ட் மை டிவைஸ்’ என்று பெயர். போன் ஆன் ஆகி, இணையத்தில் இருந்தால் அது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டும், தூரத்திலிருந்தே பூட்டலாம், கடைசி வழியாக உள்ளே இருப்பதை எல்லாம் அழிக்கவும் செய்யலாம். சைலன்ட்டில் போட்ட போனையும் உரக்க ஒலிக்க வைக்கும். கட்டிலுக்கு அடியில் போன் விழுந்துவிட்டால்கூட இது உதவும். எங்கள் வீட்டில் திருட்டை விட இதற்குத்தான் அதிகம் பயன்படுகிறது.

சிக்கல் என்னவென்றால், போன் தொலைந்தபின் வேறொருவர் போனில் உங்கள் கூகுள் கணக்கைத் திறக்கப் போனால், “உங்கள் போனுக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம்” என்று சொல்லும். எந்தப் போனுக்கு? தொலைந்த போனுக்கு! இதற்காகவே கூகுள் ‘பேக்அப் கோட்’ என்று பத்து எண்கள் தருகிறது. ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை பயன்படுத்தலாம். கூகுள் கணக்கில் பாதுகாப்புப் பகுதியில், ‘டூ ஸ்டெப் வெரிபிகேஷன்’ உள்ளே கிடைக்கும். அவற்றை வேறொரு தாளில் எழுதி, தனியாக பீரோவில் வையுங்க. இன்றைக்கே கணவரின் போனிலோ மனைவியின் போனிலோ ஒருமுறை நுழைந்து, உங்கள் போனை ஒலிக்கவைத்துப் பாருங்க. ஒத்திகை பார்க்காத வசதி அவசரத்தில் கைகொடுக்காது.

கேலரியில் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் போட்டோக்கள் இருந்தால் அழித்துவிட்டு டிஜிலாக்கருக்கு மாறுங்க. டிஜிலாக்கரில் துறைகள் நேரடியாக வழங்கும் ஆவணங்களுக்கு அசலுக்கு நிகரான சட்ட மதிப்பு உண்டு. வாகனச் சோதனையில் அதில் உள்ள உரிமத்தையும் ஆர்.சி.யையும் ஏற்க வேண்டும் என்று மத்திய அரசு 2018-லேயே மாநிலங்களுக்குத் தெரிவித்திருக்கிறது. கேலரியில் இருக்கும் போட்டோவுக்கு அந்த மதிப்பு இல்லை. போன் மாறினாலும் அதே நம்பர் இருந்தால் டிஜிலாக்கர் ஆவணங்கள் திரும்பக் கிடைத்துவிடும்.

தொலைந்த அன்று

வரிசை முக்கியம். நாங்கள் தப்பு செய்ததே அதில்தான். முதல் ஒரு மணி நேரம் அப்பாவின் நம்பருக்கு மாறி மாறி அழைத்துக்கொண்டே இருந்தோம்.

இரண்டு தடவை அழைத்துப் பாருங்க. நல்லவர் யாராவது எடுத்தால் அதிர்ஷ்டம். எடுக்கவில்லை என்றால், வேறு போனிலிருந்து சிம் நிறுவனத்தை அழைத்து சிம்மை முடக்குங்க. அடுத்தது வங்கி: யு.பி.ஐ., நெட்பேங்கிங் இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்க. பணம் போயிருந்தால் உடனே 1930. இது தேசிய சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். இவை நடக்கும்போதே வீட்டில் இன்னொருவர் ஃபைண்ட் ஹப்பில் போனைப் பூட்டட்டும். இடம் தெரிந்தால் நீங்களே கிளம்பிப் போகாதீங்க, காவல் துறையிடம் சொல்லுங்க.

பிறகு காவல் நிலையத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்க. அதே நம்பரில் டூப்ளிகேட் சிம் வாங்குங்க. புது சிம் வேலை செய்ய ஆரம்பித்த பிறகும் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வராது. சிம்மை மாற்றி ஏமாற்றுவதைத் தடுக்க வைத்திருக்கும் கட்டுப்பாடு அது. ஓ.டி.பி. வரவில்லையே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

குறுஞ்செய்தி வரத் தொடங்கியதும், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்துக்குப் போங்க. 2023-ல் வந்தது. அதில் தொலைந்த போனை முடக்கும் பகுதியில் ஐ.எம்.இ.ஐ. எண்கள், புகார் நகல், அடையாளச் சான்று, போன் வாங்கிய பில் ஆகியவற்றைப் பதிவேற்றினால், அந்தப் போன் இந்தியாவில் எந்த நிறுவனத்தின் சிம்மிலும் வேலை செய்யாதபடி முடக்கப்படும். யாராவது அதில் சிம் போட முயன்றால் அந்தத் தகவல் பதிவாகும், காவல் துறை தேடுவதற்கு அது உதவும். அதே தளத்தில், உங்கள் பெயரில் எத்தனை சிம் இயங்குகிறது என்றும் பார்க்கலாம். போன் தொலையாதவர்களும் ஒருமுறை பார்த்துவிடுங்க.

சில நாள் கழித்து, “உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த லிங்க்கில் பாஸ்வேர்டு போடுங்க” என்று செய்தி வரலாம். போட வேண்டாம். லாக்கைத் திறக்க முடியாமல் தவிப்பவர் அனுப்பும் தூண்டில் அது.

பழைய போன் வாங்கும் எண்ணம் இருப்பவர்களும் இதே வசதியைப் பயன்படுத்தலாம். ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு ஐ.எம்.இ.ஐ. எண் என்று தட்டி 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்தப் போனின் நிலை தெரியும். முடக்கப்பட்ட போன் என்று வந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீங்க.

போன் திரும்பக் கிடைத்துவிட்டால், சஞ்சார் சாத்தியில் விண்ணப்பித்தபோது கிடைத்த கோரிக்கை எண்ணை வைத்து அதே தளத்தில் முடக்கத்தை நீக்கலாம். அந்த எண்ணையும் தாளிலேயே எழுதி வையுங்க.