எழுந்து நின்ற ஐந்து குமாரத்திகள்

(தாய்மார்களுக்கும் வாலிபப் பெண்பிள்ளைகளை நடத்துகிறவர்களுக்கும் ஒரு பாடம். வாசிக்கவேண்டிய பகுதி: எண்ணாகமம் 27:1-11; யோசுவா 17:3-6)



எங்கள் சபையில் சனிக்கிழமை சாயங்காலம் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கிற பெண்பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்து வருகிறேன். ஆரம்பத்தில் நான் செய்த ஒரு தவறை முதலில் அறிக்கையிட்டுவிடுகிறேன். பிள்ளைகளுக்குத் தைரியம் வரவேண்டும் என்று வகுப்பு தொடங்கும்போது எல்லாரையும் எழுப்பி, "என்னால் முடியும்" என்று பத்துத்தரம் சத்தமாய்ச் சொல்லவைப்பேன். கூரை அதிரும். எனக்கோ பெரிய சந்தோஷம். ஒருநாள், "நாளைக்கு ஆராதனையில வேதபாகம் வாசிக்க யார் வர்றீங்க?" என்று கேட்டேன். அத்தனை தலையும் குனிந்துவிட்டது. ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "அக்கா, வேண்டாம்க்கா" என்று அழுதேவிட்டாள். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் "என்னால் முடியும்" என்று எல்லாரையும்விடச் சத்தமாய்ச் சொன்னவள் அவள்தான்.

அன்று இராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்போதுதான் செலொப்பியாத்தின் குமாரத்திகளை மறுபடியும் வாசித்தேன். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். எத்தனையோ பெரிய மனுஷருடைய மனைவிகளின் பெயர்கூட எழுதப்படாத வேதத்தில், இந்த ஐந்து பெண்பிள்ளைகளின் பெயர் நாலு இடங்களில் வரிசையாய் எழுதப்பட்டிருக்கிறது. தகப்பன் வனாந்தரத்தில் மரித்துப்போனான். ஆண்பிள்ளை இல்லை. குடும்பத்துக்கு நிலம் கிடைக்காது என்ற நிலை. அவர்கள் என்ன செய்தார்கள்?

கூடாரத்துக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. ஐந்து பேரும் சேர்ந்து வந்தார்கள்; இதை முதலாவது கவனியுங்கள். மோசேக்கும், ஆசாரியனாகிய எலெயாசாருக்கும், பிரபுக்களுக்கும், சபையனைத்துக்கும் முன்பாக நின்றார்கள். தகப்பனுடைய விஷயத்தை நன்றாய் அறிந்து வந்தார்கள்: அவன் கோராகின் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்ல என்பதை எடுத்துச் சொன்னார்கள். கேட்டதும் ஒன்றே ஒன்று, தகப்பனுடைய சகோதரருக்குள்ளே எங்களுக்கும் பங்கு வேண்டும் என்பது. மோசேயும், "பொம்பளைப் பிள்ளைகளுக்கு இங்கே என்ன வேலை?" என்று விரட்டவில்லை. அவர்களுடைய நியாயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் கொண்டுபோனார். அவர்கள் சொல்வது சரி என்றே பதில் வந்தது.

அதோடு முடிந்ததா? இல்லை. மோசே மரித்து, யோசுவாவின் நாளில் தேசம் பங்கிடப்படும்போது அவர்கள் மறுபடியும் போய் நின்று, இப்படிக் கட்டளை இருக்கிறது என்று ஞாபகப்படுத்தவேண்டியிருந்தது. அதற்குப் பிறகே பங்கு கையில் கிடைத்தது. ஒருதரம் கேட்டு வாங்கினதையும் இரண்டாந்தரம் கேட்கவேண்டி வரும் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கவேண்டிய காரியம். (நம் பக்கத்து மாநிலத்திலேயே இது நடந்தது. கேரளத்தில் 1916-ம் வருஷத்துத் திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுச் சட்டத்தின்படி, உயில் இல்லாவிட்டால் மகளுக்கு மகனுடைய பங்கில் கால்வாசி, அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். மேரி ராய் என்ற அம்மையார் உச்சநீதிமன்றம்வரை போனார்கள். 1986-ல் சமபங்கு என்று தீர்ப்பு வந்தது. பழங்காலத்துக் கதை என்று யாரும் நினைக்கவேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்லுகிறேன்.)

சரி, இந்தப் பெலன் பிள்ளைக்கு எப்படி வருகிறது? ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் போதித்த ஆல்பர்ட் பண்டூரா என்பவர் 1977-ல் இதைப்பற்றி எழுதினார். "இதை என்னால் செய்யமுடியும்" என்ற எண்ணம் நாலு வழியாய் வருகிறது என்றார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப்போன்ற ஒருத்தி செய்வதைப் பார்ப்பது, நம்பத்தக்க ஒருவர் சொல்லும் வார்த்தை, தன் சரீரம் அந்நேரத்தில் இருக்கிற நிலை. இவற்றில் அதிக வல்லமையானது முதலாவது சொன்னதுதான். நானோ மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு கூரையை அதிரவைத்திருக்கிறேன்.

வகுப்பை மாற்றினேன். அழுத பிள்ளையை மூன்று வசனம் எனக்கு மட்டும் வாசித்துக் காட்டச் சொன்னேன். அடுத்த வாரம் இரண்டு சிநேகிதிகளுக்கு முன்னால். பிறகு வகுப்புக்கு முன்னால். ஆள் இல்லாத ஆலயத்தில் மைக் பிடித்து ஒருநாள். எட்டாவது வாரம் ஆராதனையில் வாசித்தாள். குரல் நடுங்கத்தான் செய்தது, ஆனாலும் முடித்தாள். அவள் வாசித்ததைப் பார்த்து, நான் கேட்காமலே இரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள்.

வீட்டிலும் இப்படியே. பேங்க் சலான் எழுதுவது, ரேஷன் கடையில் நின்று வாங்குவது, பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பது, இதையெல்லாம் பிள்ளையிடம் கொடுங்கள். பக்கத்தில் நில்லுங்கள், கையிலிருந்து பிடுங்காதிருங்கள். இதை நான் தோற்றுப்போனவளாகச் சொல்லுகிறேன். என் சொந்த மகளுக்குக் காலேஜ் விண்ணப்பம்வரை நானே எழுதினேன். அவள் ஹாஸ்டலுக்குப் போன முதல் மாதம், மணியார்டர் பாரம்போல ஒரு சின்னப் படிவத்தை வைத்துக்கொண்டு போனில் அழுதாள். "எல்லாத்தையும் நீங்களே செஞ்சீங்க, எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா" என்றாள். அன்பு என்று நினைத்துச் செய்ததுதான்.

புகழ்ச்சியிலும் கவனம் வேண்டும். 1998-ல் அமெரிக்காவில் முல்லர், டுவெக் என்ற இரு பெண்மணிகள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். "நீ கெட்டிக்காரி" என்று புகழப்பட்ட பிள்ளைகள், கடினமான புதிர்களில் தோற்றபின் முன்னைவிட மோசமாய்ச் செய்தார்கள். மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது பத்தில் ஏறக்குறைய நாலு பேர் கூட்டி எழுதினார்கள். "நல்லா உழைச்சே" என்று கேட்ட பிள்ளைகளோ தோல்விக்குப் பிறகும் முன்னேறினார்கள்.

இன்னொன்று. பயத்தினால் கை நடுங்குகிற பிள்ளையைப் பார்த்து, "உனக்கு விசுவாசம் இல்லை" என்று தயவுசெய்து சொல்லாதிருங்கள். நடுக்கம் சரீரத்தின் வேலை. உட்காரவைத்து, மூச்சை மெதுவாய் இழுத்து, அதைவிட மெதுவாய் விடச் சொல்லுங்கள். பிறகு ஜெபியுங்கள். பிள்ளை இரண்டு வாரமாய்ச் சரியாய்ச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தாலோ, செத்துப்போகலாம் என்ற பேச்சு ஒருதரம் வந்தாலோ, ஜெபத்தோடுகூட டாக்டரிடமும் உடனே கொண்டுபோங்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாய்க் கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098.

இப்போது சொல்லப்போவதை அந்தப் பிள்ளையும் தாயும் சம்மதித்தபடியால், ஆள் தெரியாதபடி சிலவற்றை மாற்றி எழுதுகிறேன். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை மூன்று வாரமாய்ப் பேசவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் வயிற்றுவலி என்று அடிக்கடி லீவு. ஒருநாள் எல்லாரும் போனபிறகு பாய் மடித்துக்கொண்டே சொன்னாள். டவுன் பஸ்ஸில் ஒரு ஆள் தினமும் பக்கத்தில் வந்து நின்று தொடுகிறானாம்.

"அம்மாகிட்ட சொன்னியாம்மா?"

"சொன்னா ஸ்கூலை நிறுத்திருவாங்கக்கா."

தாய்மார்களே, அந்த ஆளைவிட அவளுக்கு இதுதான் பெரிய பயம். அவளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் தாயின் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "நாளையிலேருந்து நீ எங்கேயும் போகவேண்டாம்." பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் மறக்கமுடியாது. "தப்பு செஞ்சவன் பஸ்ஸில போவான், உங்க பிள்ளை வீட்ல இருக்கணுமா?" என்று கேட்டேன். அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார்கள்.

பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக 2012-ல் வந்த போக்சோ சட்டத்தில் இப்படிப்பட்ட காரியம் தெரிந்தவர்கள் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும், மறைப்பதும் குற்றம். ஆனால் பிள்ளையை ஸ்டேஷனில் நிறுத்தி விசாரிப்பார்களோ என்று பயப்படவேண்டாம். வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம். அதை வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது. கூடுமானவரை பெண் அதிகாரியாய் இருக்கவேண்டும். பெற்றோர் கூட இருக்கலாம். நாங்கள் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். மறுநாள் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் சாதாரணச் சேலையில் வீட்டுக்கு வந்தார்.

அந்தப் பிள்ளை தானே சொன்னாள். எந்த நிறுத்தம், எத்தனை மணி, அந்த ஆள் கையில் என்ன பை. நடுவில் இரண்டுதரம் நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடியும் சொன்னாள். தாய் குறுக்கே பேச வாயெடுத்தபோதெல்லாம் நான் அவர்கள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

வழக்கு நடக்கிறது. திங்கட்கிழமை அவள் அதே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனாள், வகுப்புச் சிநேகிதிகள் இரண்டு பேரோடு. அந்த அம்மா இப்போது சாயங்காலந்தோறும், "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, பிள்ளை சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கப் பழகுகிறார்கள். "ரொம்பக் கஷ்டமா இருக்கு சிஸ்டர்" என்றார்கள் போன வாரம். பிள்ளை பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.