டச் ஸ்கிரீன் தானாக ஓடினால்

பில் போடும் டச் ஸ்கிரீனில் கை வைக்காமலே அம்புக்குறி ஓடுகிறதா? 2023 ஐப்பசி மழையில் என் மண்டியில் 1 மூட்டை துவரம்பருப்பு 11 மூட்டையாகப் பதிவாகிவிட்டது. சில்லறைக் கடைக்காரர் காட்டிய பிறகே தெரிந்தது, எனக்குத் தலைகுனிவு.

விரல் பட்டால் கண்ணாடியில் ஏற்படும் மின் மாற்றத்தைக் கொண்டே இத்திரை வேலை செய்கிறது. ஈரத்துளியையும் விரலென்றே எடுத்துக்கொள்ளும். முதலில் அணைத்துவிட்டு, உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். எண்ணெய்க் கையோடு தொடாதே என்றால் நம் பையன்கள் எங்கே கேட்கிறார்கள்!

துடைத்தும் ஓடினால் எர்த்தைப் பாருங்கள். என் கோளாறு அங்கேதான்: மின் இணைப்புக் கொடுத்திருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில் எர்த் கம்பியே இல்லை. எலெக்ட்ரீஷியன் வந்து எர்த் உள்ள பிளக்கில் மாற்றியதும் ஓட்டம் நின்றது. அதுவரை சாதாரண மவுஸை இணைத்து வேலை பாருங்கள். பில்லை வாசித்துக் காட்டியபின் பணம் வாங்குங்கள்.