கூடுவாஞ்சேரிக்காரர் சொன்ன நாலு கட்டம்

போன செமஸ்டர்ல ஒரு ராத்திரி அம்மா போன் பண்ணாங்க. மறுநாள் ப்ராஜெக்ட் ரிவ்யூ, அதுக்கு அடுத்த நாள் ஒரு கம்பெனியோட ஆன்லைன் டெஸ்ட். போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு, "ம்... சரிம்மா... ம்"னு சொல்லிக்கிட்டே ஸ்லைடு திருத்திக்கிட்டிருந்தேன். பதினோரு நிமிஷம் பேசினதா கால் லாக் சொல்லுது. நாலு நாள் கழிச்சு நானே கூப்பிட்டு, "பாட்டி எங்கம்மா, சத்தத்தையே காணோம்?"னு கேட்டேன்.

"நேத்துதானடா கண் ஆபரேஷன் ஆச்சு. உன்கிட்ட சொன்னேனே, நீயும் வரேன்னியே. கிளம்புற வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டிருந்தாங்க."

அவ்வளவுதான் சொன்னாங்க. திட்டியிருந்தா பரவாயில்ல.

உங்க கால் லாக்லயும் இப்படி ஒரு பதினோரு நிமிஷம் கண்டிப்பா இருக்கும். இதுக்கு வழக்கமா கிடைக்கிற அறிவுரை, வேலையைக் குறைச்சுக்கோ என்பது. ஃபைனல் இயர்ல எதைக் குறைக்க முடியும்? ரிவ்யூவையா, பிளேஸ்மென்ட்டையா? அதனால பிரச்சினையையே கொஞ்சம் வேற மாதிரி பார்ப்போம்.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் பேப்பர்ல 'கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச்' படிச்சிருப்பீங்க. ஒரே ஒரு கோர் உள்ள பிராசஸர்கூட பல வேலைகளை மாத்தி மாத்திப் பார்க்கிறது. ஆனால் ஒரு வேலையை விட்டு அடுத்ததுக்குப் போகும் முன், எந்த வரியில் நிறுத்தினோம், ரெஜிஸ்டர்களில் என்ன இருந்தது என்பதையெல்லாம் எழுதி வைத்துவிட்டுத்தான் போகிறது. அதனால்தான் அடுத்த வேலைக்கு முழு கோரும் கிடைக்கிறது. நாம மாத்துறோம், எழுதி வைக்கிறதில்ல. பாதி மூளை பழைய இடத்திலேயே தங்கிடுது. சோஃபி லெராய் என்ற மேலாண்மை ஆய்வாளர் 2009-ல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் சொல்கிறது. ஒரு வேலை முடியாமலே அடுத்ததற்குத் தாவினால் கவனத்தில் ஒரு பங்கு முந்தைய வேலையிலேயே மிச்சம் நிற்கும். புதுசும் உருப்படாது.

சரி, மனுஷன் எப்படி எழுதி வைக்கிறது? இதற்கு ஒரு நல்ல விடை நம்ம ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் பக்கமாக மூணாவது ஸ்டாப்பில் பிறந்தவரிடம் இருக்கிறது. 1911-ல் கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி. 'வாழ்க வளமுடன்' ஸ்டிக்கரை ஆட்டோவிலும் கடையிலும் பார்த்திருப்பீங்களே, அவர்தான். சின்ன வயதிலேயே தறியில் உட்கார்ந்தவர். தறியில் ஒரு இழை அறுந்தால் நிறுத்தி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மேலே நெய்ய முடியும். பிறகு கைத்தறி வியாபாரம் செய்து நஷ்டமும் பார்த்தார். குடும்பத்தை விட்டு எங்கேயும் போகவில்லை. இல்லறத்தில் இருப்பவர்களுக்கான பயிற்சி என்றே மனவளக்கலையைக் கற்றுக்கொடுத்தார்.

அதில் தியானம், உடற்பயிற்சி எல்லாம் உண்டு. நான் இங்கே எடுத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு, 'கவலை ஒழித்தல்'. பேர் பெருசா இருக்கு, தேவையானது பேப்பரும் பேனாவும்தான். மனசுல ஓடுற கவலையை எல்லாம் எழுதி நாலாகப் பிரிக்கணும். அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை.

என்னோட முதல் பேப்பர்ல பதினாலு கவலை இருந்துச்சு. அதுல ஆறு அலட்சியக் கட்டத்துக்குப் போச்சு. கிளாஸ் குரூப்ல யாருக்கு எவ்வளவு பேக்கேஜ்னு ஓடுற பேச்சு மட்டுமே அதுல மூணு! மூணாவது செமஸ்டர் அரியரால ஒரு கம்பெனில உட்காரவே முடியாமப் போனது அனுபவிக்க வேண்டியது. அதை எழுதும்போது கொஞ்சம் வலிச்சது, ஆனா அதுக்கப்புறம் ராத்திரியில அது வர்றது குறைஞ்சது.

கஷ்டமான கட்டம் 'தள்ளிப்போட வேண்டியவை'. நாம ஏற்கெனவே தள்ளிப்போடுறதுல கில்லாடிதானேன்னு தோணும். ஆனா சும்மா 'அப்புறம்'னு எழுதினா அது தள்ளிப்போட்டதாகாது. எந்த நாள், எத்தனை மணிக்கு, முதல்ல எதைத் தொடுவேன்னு எழுதணும். இதுக்கும் ஆய்வு இருக்கு. மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011-ல் காட்டியது இது: பாதியில் நிற்கும் வேலை, வேறொன்றைப் படிக்கும்போது நடுவில் வந்து தொந்தரவு செய்கிறது. அந்த வேலைக்குத் திட்டவட்டமாக ஒரு திட்டம் போட்டுவிட்டால், வேலை முடியாமலே இருந்தாலும், தொந்தரவு நின்றுவிடுகிறது. மூளை கேட்கிறது முடிவை இல்ல, எழுதி வெச்சியான்னுதான் கேட்குது.

தினமும் முழுப் பட்டியல் எழுத எனக்குப் பொறுமை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை எழுதுறேன். மத்த நாள்ல, எழுந்திருக்கும் முன்னாடியோ போன் எடுக்கும் முன்னாடியோ ஒரே ஒரு வரி: "ஸ்லைடு 9, கிராஃப் மாத்தணும், மெஸ்ல இருந்து வந்ததும்." பத்து செகண்டுதான். அம்மா கூப்பிடும்போது ரெண்டாவது ரிங்குக்குள்ள எழுதிடலாம். முதல் வாரத்துல பாதி நாள் மறந்துட்டேன். இப்பவும் ரீல்ஸ் பார்த்துக்கிட்டே 'ம்' சொல்ற நாள் இருக்கு, ஆனா இப்ப அதை நானே கவனிச்சுடுறேன்.

பாட்டிக்கு இன்னொரு கண்ணுக்கும் தேதி கொடுத்திருக்காங்க. 'உடனே' கட்டத்துல முதல் வரி அதுதான்: புதன்கிழமை, லேப் முடிஞ்சதும், ஜிஎஸ்டி ரோட்டில் திண்டிவனம் பஸ். லேப்டாப்பை எடுத்துட்டுப் போறதா வேணாமான்னு மட்டும் இன்னும் முடிவு பண்ணல.