பள்ளிச் சுற்றுலாவுக்கு உகந்த புதுவை இடங்கள்

மாணவர்களை வெளியே அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியர்கள், தூரப் பிரயாணங்களைப் பற்றி யோசிக்குமுன், புதுவை நகரத்திலேயே ஒரு நாளைக்குப் போதுமான கல்வி காத்திருப்பதைக் கவனித்தல் நலம். நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு, 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வினால், ரோமாபுரியோடு தமிழர் கொண்டிருந்த வாணிபத்தை உலகறியச் செய்த இடம். ஆயினும் இன்று அங்கே கண்ணுக்குத் தெரிபவை தோப்பும், பிற்காலத்துப் பாதிரிமார் இல்லத்தின் சிதைந்த செங்கற்சுவர்களுமே ஆதலால், பிள்ளைகளை முதலில் செயின்ட் லூயி வீதி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று, மதுவை நிரப்பிக் கப்பலில் கொணர்ந்த ஆம்போரா ஜாடிகளின் உடைந்த துண்டுகளையும், நிறம் மங்காத மணிகளையும் நிதானமாகக் காட்டிய பின்னரே மேட்டுக்குக் கூட்டிச் செல்வது உசிதம். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மதிய உணவை அருகிலுள்ள பாரதி பூங்காவின் நிழலில் வைத்துக்கொள்ளலாம்.

1908 முதல் 1918 வரை புதுவையில் வசித்த மகாகவி பாரதியின் ஈசுவரன் தருமராஜா கோயில் வீதி இல்லம் குறுகலானது. சிறு சிறு குழுக்களாக அனுப்புங்கள். இளஞ்சிறார்களுக்கு 1826-இல் தோற்றுவிக்கப்பட்ட தாவரவியல் பூங்கா ஒன்றே போதும்.

பெற்றோரின் சம்மதக் கடிதம், குடிநீர், முதலுதவிப் பெட்டி ஆகியவை அவசியம். பணம் கட்ட இயலாத காரணத்தால் எந்தக் குழந்தையையும் வகுப்பறையிலேயே விட்டுச் செல்லாதீர்கள்.