படிப்பு முடிந்தது, அப்பாவின் கடை காத்திருக்கிறது: சொந்த வழி தேடும் பட்டதாரிக்கு முழுமையான வழிகாட்டி

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனம் தாண்டி, மயிலத்துக்குப் பிரியும் இடத்தில் இருக்கிறது கூட்டேரிப்பட்டு. ரோட்டை நம்பிக் கடை வைத்தவர்களின் ஊர். திண்டிவனம் கோவிந்தசாமி அரசுக் கல்லூரியிலோ விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசுக் கல்லூரியிலோ பட்டம் வாங்கிய பிள்ளைக்கு, கடைசிப் பரீட்சை முடிந்த வாரமே கல்லாவில் உட்காரும் வேலை வந்துவிடும். உட்காருகிறாயா என்று யாரும் கேட்பதில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி, தம்பி பள்ளிக்கூடம் போகிறான், அதனால் நீ. ஒரு வருடம் அப்படிப் போய்விட்டால் பிறகு எழுந்திருப்பது கஷ்டம். அதற்குள் செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

முதல் படி: போகும் இடத்தைச் சொல்லுங்கள்

‘கடை வேண்டாம்’ என்பது அப்பாவுக்குப் பதில் ஆகாது. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய அப்பா சாம்பசிவன் கும்பகோணத்தில் மருத்துவமனை நடத்திய அறுவை மருத்துவர். மகனுக்குப் பதினொரு வயதில் அவர் இறந்துபோனார். பையன் டாக்டராகி அந்த மருத்துவமனையை எடுத்து நடத்துவான் என்றே குடும்பம் எதிர்பார்த்தது. 1943 வங்காளப் பஞ்சம் அவர் மனத்தை விவசாயத்தின் பக்கம் திருப்பியது. விலங்கியல் பட்டம் வாங்கியவர், கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் சேர்ந்து மறுபடியும் முதலிலிருந்து படித்தார். மருத்துவம் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லி அவர் விலகவில்லை. எதற்குப் போகிறோம், எங்கே படிக்கப் போகிறோம் என்பது அவரிடம் தெளிவாக இருந்தது.

உங்களுக்கும் அந்த அளவு தெளிவு வேண்டும். எந்தத் தேர்வு, எந்தப் படிப்பு, எந்த ஊரில் அறை, மாதம் எவ்வளவு செலவு, எந்த மாதம் வரை முயற்சி: ஒரு தாளில் எழுதுங்கள். அரசு வேலைதான் குறி என்றால், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு நடக்கிறது. விழுப்புரத்தில் நேரில் போய் விசாரியுங்கள். வீட்டில் பணம் கேட்காமல் தொடங்கலாம் என்பது பெரிய பலம்.

இரண்டாம் படி: பாக்கி நோட்டைப் படியுங்கள்

இதைப் பெரும்பாலான பிள்ளைகள் செய்வதில்லை. இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி இதுதான் என்பேன். உரக்கடை, மல்லாட்டை (நிலக்கடலை) வியாபாரம் எதுவானாலும், கடையின் உயிர் அப்பாவின் பாக்கி நோட்டில் இருக்கிறது. அதில் ‘மோட்டார் கொட்டாய்க்காரர் 4 மூட்டை’, ‘மேட்டுத் தெரு பெரியவர் பாதி வந்தது’ என்று இருக்கும். பெயர் இருக்காது, போன் நம்பர் இருக்காது. யார், எந்த அறுவடைக்குத் தருவார், யாரிடம் கறாராகப் பேசலாம், யாரிடம் கூடாது என்பதெல்லாம் அப்பாவின் தலைக்குள் இருக்கிறது.

மாலையில் கூட்டம் குறைந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் ஆள் பெயர், ஊர், எண், தொகை என்று புது நோட்டில் எழுதுங்கள். இரண்டு பலன். நீங்கள் போன பிறகும் கடன் வசூலாகும். இன்னொன்று, கடை எவ்வளவு சம்பாதிக்கிறது, எவ்வளவு கடன் சுமக்கிறது என்று உங்களுக்கே முதல்முறையாகத் தெரியவரும். ‘உன்னை நம்பித்தான் இருக்கிறோம்’ என்று வீட்டில் சொல்வதன் கனம் அப்போதுதான் புரியும். அது தெரியாமல் எடுக்கும் முடிவை முடிவு என்றே என்னால் ஏற்க முடியாது.

மூன்றாம் படி: உங்கள் கையெழுத்து எங்கே இருக்கிறது?

பதினெட்டு முடிந்ததும் பிள்ளையைப் பங்குதாரராகச் சேர்ப்பதும், வங்கிக் கடனுக்கு ஜாமீன் போடச் சொல்வதும் வழக்கம். 1872 ஒப்பந்தச் சட்டப்படி, வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, ஜாமீன் போட்டவருக்கும் கடன் வாங்கியவருக்கும் ஒரே பொறுப்பு. 1932 கூட்டாண்மைச் சட்டப்படி, விலகிய பங்குதாரர் பொது அறிவிப்பு கொடுக்கும்வரை வெளியாருக்குப் பொறுப்பாகவே இருப்பார். நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள்களை ஒரு ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

வேலைக்குப் போனால் சொத்தில் பங்கு போய்விடும் என்ற பயம் வேண்டாம். இந்துச் சட்டப்படி பூர்வீகச் சொத்தில் பங்கு பிறப்பால் வருவது. அப்பா தானே சம்பாதித்தது அவர் விருப்பம். மகள்களுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் செய்தது. 2005இல் மத்திய அரசும் செய்தது. கல்லாவில் உட்கார மகளை அழைக்காத வீடுகளில் இதைச் சத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான்காம் படி: நேரம் பார்த்துப் பேசுங்கள்

பங்குனி உத்திரத்துக்கு மயிலம் போகும் கூட்டம் ரோட்டை நிறைக்கும் வாரத்தில் வேண்டாம். மல்லாட்டை வரத்து நாட்களிலும் வேண்டாம். முதலில் அம்மாவிடமோ, அப்பா மதிக்கும் தாய்மாமாவிடமோ பேசுங்கள். ஆனால் அப்பாவுக்கு அவர்கள் வாயால் தெரியக் கூடாது. “அப்பா, தை வரைக்கும் கடையில இருக்கேன். அதுக்குள்ள ஒரு ஆளைப் பழக்கி விட்டுடறேன். அப்புறம் நான் போறேன்” என்று தேதியோடு சொல்லுங்கள். கோபம் வரும். அன்றைக்கே சம்மதம் வாங்க நினைக்காதீர்கள். சொன்ன தேதியை மட்டும் மாற்றாதீர்கள்.

ஐந்தாம் படி: தொழில் பிடித்திருந்து, கடைதான் பிடிக்கவில்லை என்றால்

அதற்கும் நம் பக்கத்திலேயே வழி காட்டியவர் இருக்கிறார். கடலூரின் சி.கே. ரங்கநாதன், ஷாம்பு தயாரித்த குடும்ப நிறுவனத்தில் கருத்து வேறுபாடு வந்து விலகி, 1983இல் 15,000 ரூபாயோடு தனியாக ஷாம்புவே தயாரித்தார். சிக் ஷாம்பு அப்படி வந்தது. அந்த நிறுவனம்தான் இன்றைய கெவின்கேர். வீட்டில் கற்ற தொழிலை வேறு இடத்தில் செய்வதும் சொந்த வழிதான்.

ஆறாம் படி: கிளம்பும் மாதம்

பழக்கிய ஆளின் சம்பளத்தில் ஒரு பகுதியை, உங்களுக்குச் சம்பளம் வந்த பிறகு, நீங்கள் கொடுப்பதாக ஒப்புக்கொள்ளலாம். முடியாத தொகையைச் சொல்லாதீர்கள். ஜிஎஸ்டி பதிவிலும் வங்கிக் கணக்கிலும் உங்கள் போன் நம்பர் இருந்தால், ஓடிபி எல்லாம் உங்களுக்கே வந்துகொண்டிருக்கும். பஸ் ஏறுவதற்கு முன்பே அதை மாற்றிவிடுங்கள்.